பிரேக் வேலைக்குப் பின் கிளட்சும் தொய்ந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே கார் பிரேக்கைப் பிரித்து மாட்டுவது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பு, சக்கரத்தைப் பூட்டுவதோடு நின்றுவிட்டது. தொல்லை தொடங்குவதே அதற்குப் பிறகுதான். டிஸ்க்கை இறுக்கும் காலிப்பர், ரப்பர் ஹோஸ், டிரம் பிரேக்கின் வீல் சிலிண்டர் என்று ஆயில் போகும் பாதையைத் திறந்தவர்களுக்கு, வேலை முடிந்ததும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். சிலருக்குக் கிளட்சும் சேர்ந்து தொய்ந்துவிடும். ரிவர்ஸ் கியர் போட்டால் கரகரக்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்பவர்கள் அப்போது வந்து சேர்வார்கள். பிளேட் தேய்ந்தால் இன்ஜின் இரையும், வண்டி இழுக்காது. பெடல் திடீரென்று தொய்வதற்கும் பிளேட்டுக்கும் தொடர்பில்லை.

காரணம் ஆயிலில் புகுந்த காற்று; அது அமுங்கிவிடுவதால் மிதியின் அழுத்தம் போய்ச் சேராது. கிளட்சுக்குள் அது புகும் வழி பிரேக் ஆயில் டப்பாவில் இருக்கிறது. ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் உள்ள பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் டப்பா ஒன்றுதான். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் குழாய் டப்பாவின் பக்கச் சுவரில், சற்று உயரத்தில் இருக்கும். கிளட்ச் குழாய் ஒழுகினாலும் பிரேக்குக்கான ஆயில் அடியில் மிஞ்ச வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே பிரேக் வேலையின்போது ஆயில் இறங்கினால் முதலில் காற்றை உறிஞ்சுவது கிளட்ச்தான். கேபிள் கிளட்ச் உள்ள சிறிய கார்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இதை வைத்தே கோளாறு எங்கே என்று ஓரளவு கணித்துவிடலாம். கிளட்ச் மட்டும் தொய்ந்தால், ஆயில் கிளட்ச் துளைக்குக் கீழே போயிருக்கிறது, டப்பாவின் அடியிலுள்ள பிரேக் அறைகள் வரை போகவில்லை. இரண்டும் தொய்ந்தால் டப்பா ஏறக்குறைய காலியாகியிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று புகுந்திருக்கும். பிரேக் மட்டும் தொய்ந்தால், கைவைத்த சக்கரத்தை முதலில் பாருங்கள்.

காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும். சக்கரத்தருகே காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளில் நிறமில்லாத பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைப் புது ஆயில் கொஞ்சம் ஊற்றிய பாட்டிலில் மூழ்கும்படி விடுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். இந்த வரிசை தவறினால் வெளியே போன காற்று திரும்பி உள்ளே வரும். ஏழெட்டு மிதிக்கு ஒருமுறை டப்பாவை நிரப்புங்கள். வலதுபுற ஸ்டீயரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்பது வழக்கமான வரிசை. ஒரு முன் சக்கரமும் எதிர்ப்புறப் பின் சக்கரமும் ஒரே ஆயில் பாதையில் இருக்கும் குறுக்கு இணைப்புள்ள கார்களுக்கு இது மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

பெடலைத் தரை வரை மிதிக்கக் கூடாது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் அன்றாடம் போகாத பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். அங்கே போய் வந்தால் ரப்பர் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் போதும்.

எவ்வளவு எடுத்தும் பெடல் கெட்டிப்படவில்லையா? நிப்பிள் காலிப்பரின் மேற்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு காலிப்பரையும் ஒரே நேரத்தில் கழற்றியவர்கள் இடதை வலதில் மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. நிப்பிள் கீழே வந்துவிட்டால் மேலே தங்கிய காற்று எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் வெளியேறாது. ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷர்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

பிறகு கிளட்ச். கியர்பாக்ஸ் பக்கத்தில், ஆயில் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் இதே முறைதான். கிளட்ச் மாஸ்டர் ஒரு மிதிக்குத் தள்ளுவது சில மில்லி ஆயில்தான். அதில் சிறு குமிழ் இருந்தாலும் கிளட்ச் முழுதாக விடுபடாது. பெடல் தரையிலேயே ஒட்டிக்கொண்டால் கையால் மேலே தூக்குங்கள். அப்படியும் சரிப்படாவிட்டால் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை எடுத்து, ஸ்லேவ் நிப்பிள் வழியாக மேல்நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். காற்று தானாக மேலேறும் திசை அது, அதனால் சீக்கிரம் வேலை முடியும். டப்பா வழிந்தால் பெயின்ட் உரியும்; உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எல்லாத் தொய்வும் காற்று அல்ல. இன்ஜினை நிறுத்தி, நாலைந்து முறை மிதித்து, பிறகு அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் வெளியே கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. மிதிக்க மிதிக்க உயர்ந்து அங்கேயே நின்றால் காற்று, அல்லது பின் டிரம் பிரேக்கில் லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். இவ்விரண்டில் எது என்று அறிய ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மிதியுங்கள். அப்போது பெடல் உயரத்திலேயே பிடித்தால் அட்ஜஸ்ட் செய்ய வேண்டியது டிரம்மைத்தான். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் கொஞ்சம் இறங்குவது, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் வேக்குவம் பூஸ்டரின் வேலை. அது கோளாறே அல்ல.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். டப்பா மூடியில் டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரம் குறித்திருந்தால் அதையே ஊற்றுங்கள். புதிதில் 230 டிகிரி செல்சியஸிலாவது கொதிக்க வேண்டிய அந்த ஆயில், 3.7 சதவீதம் தண்ணீர் உறிஞ்சிய பின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்கிறது தரக் கணக்கு. திறந்து பல மாதமான பாட்டிலைத் தொடாதீர்கள். பவர் ஸ்டீயரிங் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ தவறி விழுந்தால் ரப்பர் எல்லாம் ஊதிவிடும். காற்றெடுத்துப் பயனில்லை, அது பட்ட ரப்பர் பாகங்கள் அத்தனையையும் மாற்ற வேண்டியதுதான்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில், அதன் அழுத்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியான மாடுலேட்டருக்குள் காற்று போயிருந்தால் கால் மிதியால் மட்டும் அது வராமல் போகலாம்; ஸ்கேனர் கொண்டு அதன் பம்ப்பை ஓட விட வேண்டியிருக்கும். அந்த வண்டியைப் பணிமனைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் வாகனப் பணிமனைப் பணியாளர்,
கோயம்புத்தூர்.