பொய்ப் படத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, சொந்தக்காரர் கல்யாணத்தில் வளவுத் தூணில் சாய்ந்தபடி எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் வைத்திருந்தாள். யாரோ அந்த முகத்தை மட்டும் எடுத்து, ஏஐ செயலியில் ஆடையில்லாத உடலோடு ஒட்டி, அவள் பெயரையும் போட்டுப் பரப்பிவிட்டார்கள். காதில் அன்று போட்டிருந்த அதே ஜிமிக்கி. அதைப் பார்த்துத்தான் எந்தப் படத்திலிருந்து எடுத்தது என்று அவள் அம்மாவுக்குப் புரிந்தது. புகார் கொடுக்கப் போன இடத்தில், "இது நீ இல்லையேம்மா, அப்புறம் என்ன?" என்றார்களாம். அவள் இல்லை என்பதுதானே குற்றமே!

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் வந்தது. அதன் 67-ஏ பிரிவில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அது படத்தில் வெளிப்படையான பாலியல் செயல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. யார் பெயரில் பொய் சொன்னார்கள் என்று பார்ப்பதில்லை. 66-இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்பை அனுமதியின்றிப் படமெடுப்பதையும் பரப்புவதையும் பற்றியது. உடலே அவளுடையது இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினால்?

பிரிட்டன், 2023-ஆம் ஆண்டின் ஆன்லைன் பாதுகாப்புச் சட்டத்தில் இப்படிப்பட்ட போலிப் படத்தைப் பகிர்வதையும் குற்றம் என்று எழுதிவிட்டது. இங்கும் தயாரிப்பவர், பெயர் சேர்ப்பவர், தெரிந்தே பகிர்பவர் மூவரையும் பிடிக்கும் தனிப்பிரிவு வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் இதை அவையில் பேச வேண்டும்.

அந்தப் பிள்ளை இன்னும் கல்லூரிக்குப் போகவில்லை.

- ஒரு வாசகி, காரைக்குடி