மலை வழிகாட்டிகளைப் பயிற்றுவிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மலை வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தரும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் பாடத்திட்டத்தில் கயிறும் பனிச்சரிவு மீட்பும் முதலுதவியும் இருக்கின்றன. படமெடுப்பதையும் அதில் சேருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வந்த நாள் முதல் என் தோளில் கேமரா இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் அழகுக்காகத்தான் எடுக்க ஆரம்பித்தேன்: விடியலில் சிகரம் சிவக்கும் அந்தச் சில நிமிடங்கள், பாறை இடுக்கில் பூத்த பூ. இன்றும் அவற்றை விடவில்லை. ஆனால் பழைய படங்களை எடுத்துப் பரப்பினால் என்னை எழவிடாமல் செய்பவை வேறு. ஒரே வளைவில், ஒரே பாறையோரம் நின்று வருடா வருடம் எடுத்தவை அவை. மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனிக்கட்டித் திரளான பனியாற்றின் முனை பின்வாங்கிக்கொண்டே போகிறது. அது விட்டுப்போன கற்குவியலில் முதலில் பாசி, அப்புறம் புல், அப்புறம் செடி.

1941 ஆகஸ்டில் பனியாற்று ஆய்வாளர் வில்லியம் ஃபீல்ட் அலாஸ்காவின் மியூர் பனியாற்றைப் படமெடுத்தார். 2004 ஆகஸ்டில் நிலவியலாளர் புரூஸ் மோல்னியா அதே இடத்தில் நின்று எடுத்தபோது மியூர் பனியாறு படத்திலேயே இல்லை. அது கிடந்த இடத்தில் கடல்நீர், சரிவில் பச்சை. ஃபீல்ட் நின்ற இடம் தெரிந்ததால்தான் இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பாறையின் நுனி தூரத்து முகட்டின் எந்தப் பள்ளத்துக்கு நேராக வருகிறது என்று பார்க்க வேண்டும். ஓரடி இடப்பக்கம் நகர்ந்தாலே நுனி பள்ளத்தை விட்டு விலகிவிடும். இப்படி இரண்டு மூன்று இடங்கள் ஒத்துவந்தால், சரியான இடத்தில் நிற்கிறோம் என்று அர்த்தம். ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டலாம். பாறையும் முகடும் அப்படி ஏமாற்றாது. கோடையின் கடைசியில், புதுப்பனி விழும் முன், நிழல் ஒத்துவரும் அதே நேரத்தில் எடுக்க வேண்டும். பேட்டரி சட்டைக்குள் இருக்கட்டும், குளிரில் சட்டென்று இறங்கிவிடும்.

ஆய்வாளர்கள் நிதி கிடைக்கும்போது வருகிறார்கள். நாங்களோ ஒவ்வொரு பருவமும் அதே பாதையில் போகிறோம். இது வழிகாட்டியின் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. 1861இல் பிரெஞ்சுப் படக்கலைஞர் பிஸ்ஸோன் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் உச்சியில் படமெடுக்க 25 சுமைகாரர்கள் கூட ஏறினார்கள். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, அங்கேயே கழுவ வேண்டிய காலம் அது. மலைப் படங்களின் வரலாறு ஆரம்பத்திலிருந்தே எங்களைப் போன்றவர்களின் முதுகில்தான் ஏறி வந்திருக்கிறது.

ஒரே ஒரு நாள் பாடம் போதும். ஒவ்வொரு பாதையிலும் இரண்டு மூன்று நிலையான இடங்களைக் குறியுங்கள். இடம், திசை, தேதி, லென்ஸ் ஆகியவற்றைப் படத்தோடு எழுதிவைக்கப் பழக்குங்கள். கயிற்றில் ஆள் இருக்கும்போது கேமராவைத் தொடக்கூடாது, கூடும் குட்டியும் இருக்கும் இடத்தை வெளியே சொல்லக்கூடாது என்பதையும் அதே பாடத்தில் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று, இது அவசரம். ஓய்வுபெற்ற வழிகாட்டிகளின் வீடுகளில் ஃபிலிம் சுருள்கள் பெட்டிகளில் கிடக்கின்றன. எங்கே நின்று எடுத்தது என்று சொல்ல அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என் படங்கள் எல்லாவற்றையும், நின்ற இடக் குறிப்போடு, நீங்கள் கேட்ட அன்றே தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மலை வழிகாட்டி