என் மகள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், ஐயா

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினருக்கும் வணக்கம்.

நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். பேச்சுப் போட்டித் தாளைப் பற்றி என் மகள் தன் ஆசிரியையிடம் கேட்ட கேள்வியால் வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஓடிய சண்டையைப் பார்க்காதவர் இல்லை, அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. யார் மேலும் நடவடிக்கை எடுங்கள் என்று கேட்கவும் இதை எழுதவில்லை. அந்த ஆசிரியை நல்லவர், என் மூத்தவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

ஆனாலும் பேச்சுப் போட்டிக்குக் கொடுத்த அந்தத் தாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி நின்றுவிடுகின்றன, நாசாவே அசந்துபோனது என்று அதில் ஒரு பத்தி. ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகள் இரண்டு நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள். மூன்றாம் நாள் பசியாறும்போது கேட்டாள்: "நின்னா கீழ விழுந்துடாதாம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் ஓடுகிறது, அந்த ஓட்டம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிகிறவையும் உண்டு, நம் வீட்டு ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது அப்படி ஒன்றைத்தான். ஆனால் அது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மட்டுமே முடியும். திருநள்ளாறு அந்தக் கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. நாசா சொன்னதாக நாசாவின் பக்கத்தில் எதுவும் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை, எழுத்துப்பிழை உட்பட. அப்புறம் பார்த்தால் அதே பத்தி போன மாதமே நம் குழுவில் இரட்டை அம்புக்குறியோடு வந்திருக்கிறது. அந்தக் குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம்.

மறுநாள் வகுப்பில் அவள், "டீச்சர், இதை எங்கேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டாள். பெரியவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்காதே என்று பதில் வந்தது. பெயரும் போட்டியிலிருந்து போனது. வேறொரு பிள்ளை அதே பத்தியைச் சபைகூடலில் பேசியது. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பிள்ளை முகத்துக்காக நானும் தட்டினேன்.

போட்டி போனால் போகட்டும். அடுத்த வாரம் அறிவியலில் ஏதோ புரியவில்லை என்றாள். டீச்சரிடம் கேட்டாயா என்றேன். "கேட்டா திட்டுவாங்கம்மா, அப்படியே எழுதிட்டேன்." நோட்டை வாங்கிப் பார்த்தேன். புரியாத இடத்தில் ஓரமாகப் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டு வைப்பது இரண்டாம் ஆண்டிலிருந்து அவள் பழக்கம். ஒன்றுகூட இல்லை. பழைய பக்கங்களில் போட்டிருந்ததையும் தேடித் தேடி அழித்திருந்தாள், ஒரு பக்கம் அழிப்பான் தேய்த்தே கிழிந்திருந்தது. இதை உங்களில் யாரிடம் போய்க் காட்டுவது என்று தெரியாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் சாமி நம்பாதவள் இல்லை. ஏழரைச் சனியில் வாராவாரம் எள் விளக்குப் போட்டவள்தான். சனீஸ்வரனுக்கே நாசா சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கேட்பது இவ்வளவுதான்: வாரத்தில் அரை மணி நேரம். பிள்ளைகள் கையில் ஒரு செய்தியைக் கொடுத்து, இதை யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், இதனால் யாருக்கு லாபம் என்று கேட்க விடுங்கள். நம் பிள்ளைகள் மூன்று மொழி படிக்கிறார்கள், இந்த வசதி எத்தனை ஊரில் இருக்கிறது? தைப்பூசத்துக்கு மறுநாள் தமிழ், மலாய், ஆங்கில நாளேடுகளை மேசையில் பரப்பி வையுங்கள். ஒன்றில் தண்ணீர்மலை முருகன் கோயில் காவடிக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கும், ஒன்றில் ஒரு படம், ஒன்றில் சாலை நெரிசல். எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எதை விட்டார்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அது யாருடைய ஏடு என்றும் பார்க்கட்டும். ஸ்டார் என்ற ஆங்கில நாளேட்டில் பெரிய பங்கு மலேசிய சீனர் சங்கம் (ம.சீ.ச.) என்ற கட்சியுடையது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளேடு பல காலம் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சித் தலைவர் ஒருவரின் குடும்பத்தின் கையில் இருந்தது. இதைச் சொல்லிக் கொடுத்தால் அரசியல் ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்களா? தோட்டத்தில் நான்காம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய என் தாத்தா, யாராவது செய்தி படித்துக் காட்டினால் "இது யாரு பேப்பரு?" என்று கேட்ட பிறகுதான் கோப்பியைக் கையில் எடுப்பார்.

நாட்டில் பொய்ச் செய்தி என்றாலே எல்லாருக்கும் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. 2018இல் ஒன்று கொண்டுவந்தார்கள், 6 ஆண்டு வரை சிறை, 500,000 ரிங்கிட் வரை அபராதம். அடுத்த ஆண்டே அதே மக்களவை அதை நீக்க வாக்களித்தது. வரும் செய்தி உண்மையா என்று பார்த்துச் சொல்ல 2017இலிருந்து செபெனார்ன்யா என்ற இணையத் தளம் இருக்கிறது, நல்லதுதான், ஆனால் அதை நடத்துவதும் அரசாங்கம், செய்தியே அரசாங்கத்தைப் பற்றியது என்றால் எங்கே போய்ப் பார்ப்பது என்று ஒரு பிள்ளை கேட்டால் யார் பதில் சொல்வது? கேட்காது, கவலை வேண்டாம், நாம்தான் கேட்காமல் இருக்கப் பழக்குகிறோமே. 2013–2025 கல்விப் பெருந்திட்டத்தில் சிந்தனைத் திறன் என்று போட்டார்கள், நாமும் மண்டபத்தில் 'உயர்நிலைச் சிந்தனை' என்று பெரிய பதாகை கட்டினோம், தாழ்நிலையில் ஒரு கேள்வி கேட்ட பிள்ளையைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டோம்.

மன்னிக்கவும் ஐயா, சொல்ல வந்தது வேறு. அரை மணி நேரம்தான் கேட்கிறேன். நன்னெறிக் கல்வியில் செருகினாலும் சரி, வாசிப்பு நேரத்தில் வைத்தாலும் சரி. நாளேடுகளை நானே வாங்கி வருகிறேன், பிறை ஊரில் எனக்கு வேலை ஷிப்டு இல்லாத நாள் புதன்கிழமை. செயலவையின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் அதற்கு முன்பே ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, அன்று கேட்டதை இன்னொரு தடவை கேட்கச் சொல்லுங்கள்.

நன்றி.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அம்மா,
பட்டர்வொர்த், பினாங்கு