டீனா அன்செல்மிக்கு ஸ்டாம்ப் போட்டா முடிஞ்சுதா?

இத்தாலி பார்லிமெண்ட் எம்.பி.க்களுக்கு வணக்கம்,

உங்கள்ல யாரும் இத படிக்கப் போறதில்ல, தமிழ்ல எழுதினா எப்படி படிப்பீங்க, இருந்தாலும் மனசு கேக்கல. டீனா அன்செல்மி பேர எடுத்தாலே "நாட்டோட முதல் பெண் மந்திரி"ன்னு ஒரு வரிய சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுறீங்க. 2016ல அவங்க உயிரோட இருக்கும்போதே தபால் ஸ்டாம்ப் கூட போட்டாச்சு, சரி, அதுக்கப்புறம்?

1944 செப்டம்பர் 26ல பஸ்ஸானோ டெல் கிராப்பா ஊர்ல நாஜிங்களும் பாசிஸ்ட்டுங்களும் 31 பேர மரத்துக்கு ஒருத்தரா தூக்குல தொங்கவிட்டு, படிக்கிற புள்ளைங்கள கூட்டிட்டு வந்து பாக்க வெச்சாங்க. அந்தக் கூட்டத்துல டீனாவுக்கு 17 வயசு. மிரண்டு போய் வீட்டோட கிடக்கும்னு நெனச்சிருப்பாங்க, அந்தப் பொண்ணு என்னடான்னா கப்ரியெல்லான்னு பேர மாத்திக்கிட்டு சைக்கிள்ல அவங்கள எதிர்த்த போராளிகளுக்குத் தகவல் கொண்டுபோக ஆரம்பிச்சிடுச்சு.

அப்புறம் டீச்சர் வேலை, தொழிற்சங்கம், 1968ல கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி எம்.பி., 1976ல பிரதமர் ஆந்த்ரெயோத்தி கேபினெட்ல தொழிலாளர் மந்திரி. அடுத்த வருஷமே வேலையில ஆணும் பெண்ணும் சமம்னு 903ஆம் நம்பர் சட்டம்.

1978 இருக்கே, அத நெனச்சா எனக்கு இப்பவும் ஆச்சரியமா இருக்கும். மே 9ஆம் தேதி முன்னாள் பிரதமர் அல்தோ மோரோவ ரெட் பிரிகேட்ஸ்ங்கிற தீவிரவாதக் கும்பல் கொன்னு கார்ல போட்டுட்டுப் போயிட்டாங்க, நாடே ஆடிப்போய் கிடக்கு, அதே மாசம் மனநல ஆஸ்பத்திரிகள மூடச்சொல்ற 180ஆம் நம்பர் சட்டம் வருது, கருக்கலைப்ப அனுமதிக்கிற 194 வருது, அப்ப சுகாதார மந்திரி இவங்கதான், தீவிர கத்தோலிக்கர் வேற, ஆனாலும் கையெழுத்து போட்டாங்க. டிசம்பர்ல 833ஆம் நம்பர் சட்டம், அதாவது எல்லாருக்கும் பொதுவான தேசிய சுகாதார சேவை. அதுவரைக்கும் நீங்க என்ன வேலை பாக்குறீங்களோ அதுக்கேத்த இன்சூரன்ஸ் ஃபண்டுதான் வைத்தியம் பாக்கும், அந்த ஃபண்டுங்களும் கடன்ல முங்கி கிடந்துச்சு. இன்னிக்கு அதே சேவையில ஒரு ஸ்கேன் எடுக்க சனம் மாசக்கணக்குல காத்துக் கிடக்கு, உங்களுக்குத் தெரியாததா!

ஆனா நீங்க வாயே தொறக்காத விஷயம் பி2ங்கிற ரகசிய மேசானிக் சங்கம். 1981 மார்ச்ல அதோட தலைவர் லீச்சியோ ஜெல்லியோட எடத்துல போலீஸ் ரெய்டு போனப்ப 962 பேரோட உறுப்பினர் லிஸ்ட் சிக்குச்சு, மந்திரிங்க, எம்.பி.ங்க, ராணுவ அதிகாரிங்க, உளவுத்துறை தலைங்க, பத்திரிகைக்காரங்க, அப்ப பிசினஸ்மேனா இருந்து பின்னாடி பிரதமரான பெர்லுஸ்கோனி பேர் கூட இருந்துச்சு. பிரதமர் ஃபொர்லானியோட அரசே கவுந்துச்சு. விசாரணைக் கமிஷனுக்குத் தலைவர் யாருன்னா டீனா. லிஸ்ட்ல இவங்க கட்சிக்காரங்களும் இருக்காங்க, தெரிஞ்சும் விடல, 1984ல அறிக்கை கொடுத்தாங்க, கமிஷன் ஆவணங்க மட்டும் நூறு வால்யூமுக்கு மேல. இதுக்கப்புறம் இவங்களுக்கு மந்திரி பதவியே கிடைக்கல, 1992ல பார்லிமெண்ட்ட விட்டே வெளிய வந்தாங்க. அந்த வருஷம் இவங்கள ஜனாதிபதி ஆக்கணும்னு ஒரு குரல் கெளம்புச்சு, உங்க முன்னாடி இருந்தவங்க காதுலயே போட்டுக்கல.

அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அடுத்த தடவ இவங்க பேர்ல விழா எடுத்தா "முதல் பெண்" கதைய அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு, அந்த 1984 அறிக்கைய எடுத்து சபையில வாய்விட்டு படிங்க. பேர்களோட.

இப்படிக்கு,
தூரத்துல இருந்து பாத்துக்கிட்டு இருக்கிற ஒருத்தன்