நீ பாதியில் நிறுத்திய படம்

கிருஷ்ணகிரி,
ஆனி மாதம், வெள்ளி இரவு.

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. தோப்பில் பெங்களூரா மாங்காய் பறிக்க ஆரம்பித்தாயிற்று. மாங்கூழ் ஆலை வாசலில் டிராக்டரும் லாரியும் வரிசை கட்டி நிற்கின்றன. கிலோவுக்கு என்ன வரும் என்று அப்பா காலையில் ஒரு கணக்கு, ராத்திரி ஒரு கணக்குப் போடுகிறார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ போனை எடுக்கவில்லை. 'மீட்டிங்மா, அப்புறம் பேசறேன்' என்று மெசேஜ் மட்டும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங் என்று அப்பா கேட்டார். அவள் வேலை அப்படி என்று நானே சமாளித்தேன். தம்பியிடம் மட்டும் பேசுகிறாய் என்று தெரியும். அவனிடமாவது பேசுகிறாயே என்று இருக்கிறது. என்னிடம் பேச என்ன தடை என்றும் இருக்கிறது.

ராகி மாவு தீர்ந்திருக்கும். இந்தத் தடவை கல் இல்லாமல் புடைத்து அரைத்து வைத்திருக்கிறேன். ராத்திரியில் வெளியே சாப்பிடாதே. எங்கே போனாலும் கையில் பணமாக ஐந்நூறு ரூபாய் வைத்துக்கொள், போனில் சார்ஜ் இல்லாமல் போய்விட்டால் ஆட்டோவுக்கு உதவும்.

இதையெல்லாம் சொல்லவா கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதிலேயே முடித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சித்திரையில் வந்தபோது டேப்லெட்டை விட்டுவிட்டுப் போனாய். அப்பப்ப சார்ஜ் போட்டு வைக்கச் சொன்னாய். போன வாரம் மத்தியானம் ஏதாவது பார்க்கலாமே என்று திறந்தேன். நீ பாதி பார்த்த படம் மேலேயே நின்றது. 'கேட் பெர்சன்' என்று பெயர். பூனை வளர்க்கிறவர்கள் கதை போல என்று நினைத்துத் தொட்டுவிட்டேன். நீ நிறுத்திய இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

ஒரு பெண் ஒருவனுடைய வீட்டில், அவன் அறையில் இருக்கிறாள். கிளம்பிவிட வேண்டும் என்று அவள் முகம் சொல்கிறது. கால் நகரவில்லை. நான் சட்டென்று மூடிவிட்டேன்.

எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. நீ ஹாலில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தண்ணீர் குடிக்க நான் எழுந்து வந்ததும் டேப்லெட்டைக் கவிழ்த்துவிட்டு, "தூக்கம் வருதும்மா" என்றாய். விடிகிறவரைக்கும் நீ பாயில் புரண்டது எனக்குக் கேட்டது. வெயில் காலம், புழுக்கமாக இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அப்பா தோப்புக்குப் போனதும் முதலிலிருந்து பார்த்தேன். அது ஒரு சிறுகதையிலிருந்து எடுத்தது என்று தம்பி சொன்னான். 2017 டிசம்பரில் 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் வந்ததாம், எழுதியவர் கிறிஸ்டன் ரூபேனியன் என்ற பெண். ரவுண்டானா பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வரச் சொல்லி, இரண்டு நாள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். உன் முதல் சம்பளத்தில் நீ வாங்கிக்கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான். அந்தக் கண்ணாடியைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் என் மகள் வாங்கித் தந்தது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ பாதிதான் பார்த்தாய், அதனால் சொல்கிறேன். மார்கோ என்று 20 வயதுப் பெண், கல்லூரியில் படிக்கிறாள், சினிமா தியேட்டரில் தின்பண்டம் விற்கிற இடத்தில் வேலை. அங்கே பாப்கார்ன் வாங்க வருகிறான் ராபர்ட். அவனுக்கு 34 வயது என்று அவளுக்குத் தெரியவருவதே எல்லாம் நடந்த பிறகுதான். போனில் மெசேஜ் மெசேஜாகப் பேசிச் சிரிக்கிறார்கள். வீட்டில் பூனை வளர்க்கிறேன் என்கிறான். அவள் போகிற அன்றைக்கு ஒரு பூனையும் கண்ணில் படவில்லை. போனில் பழகினவன் ஒருத்தன், நேரில் நிற்கிறவன் வேறொருத்தன். அவன் கெட்டவன் என்று கதை எங்கேயும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி கடையில் தின்பண்டம் வாங்கிக்கொடுத்து, நெற்றியில் மட்டும் முத்தம் கொடுத்து அவளை அனுப்பிவைக்கிறான். அவளும் ஏமாளி இல்லை. இருந்தும் அந்த அறையில், வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

படத்தில் அந்த இடத்தில் அவளே இரண்டு பேராக நிற்கிறாள். ஒருத்தி கட்டிலில், இன்னொருத்தி ஓரமாக நின்று இவளிடம் பேசுகிறாள். நீ அதுவரைக்கும் பார்த்தாயா, அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை.

கதையில் இதை ஒரே ஒரு உவமையில் சொல்லியிருக்கிறார். ஓட்டலில் இவளே ஒன்றைக் கேட்டு வாங்கி, தட்டு வந்த பிறகு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி ஆகிவிடுமே என்று நினைக்கிறாள். அவனுக்குச் சங்கடமாகிவிடும், தன்னைப் புத்தி மாறுகிறவள் என்று நினைத்துவிடுவான் என்று பேசாமல் இருந்துவிடுகிறாள். அந்த வரியில் பென்சிலை வைத்தவள் அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை.

உனக்கு ஏழு எட்டு வயது இருக்கும். பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் பாகற்காய் வைத்துவிட்டார்கள். நீ ஒதுக்கினாய். இலையில் வைத்ததை மிச்சம் வைக்கக்கூடாது, வைத்தவங்க என்ன நினைப்பாங்க என்று தொடையில் கிள்ளினேன். கண்ணில் தண்ணீர் நிற்க, ஒவ்வொன்றாகத் தண்ணீரோடு விழுங்கினாய். நல்ல பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று பக்கத்து இலைக்காரி சொன்னாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. வகுப்பை விட்டு வெளியே போகக்கூட 'மே ஐ' போட்டுக் கேள் என்று 31 வருஷம் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். கேட்காமலே எழுந்து வரலாம் என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லித்தரவில்லை. பெற்ற பிள்ளைக்கும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடு. எந்த இடமாக இருந்தாலும், எந்த நேரமாக இருந்தாலும், பாதியில் என்றாலும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

டேட்டிங் என்பதற்கு நம் பக்கம் வார்த்தை கிடையாது. நமக்குத் தெரிந்தது பெண் பார்க்கிறதுதான். அது பெரியவர்கள் கண் முன்னால் நடக்கிறது, அதில் ஆபத்து இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கண்ணு, அந்தத் திருப்பத்தூர் சம்பந்தம். இரண்டு வருஷமாக அதைப் பற்றி நாம் பேசவில்லை. பையன் பெங்களூரில் நல்ல வேலை, ஒரே மகன். பூ வைக்கிறதற்கு முன்னால் ஒரு நாள் வெளியே போய்ப் பேசிவிட்டு வரட்டுமே என்று அவர்கள் வீட்டில் கேட்டார்கள். காலம் மாறிவிட்டது, நாமும் மாற வேண்டும் என்று அப்பாவிடம் பேசிச் சம்மதம் வாங்கினதே நான்தான். அன்றைக்கு மத்தியானம் நீ சமையலறை வாசற்படியில் நின்று, "எனக்கு என்னமோ ஒரு மாதிரி இருக்கும்மா, நான் போகலை" என்றாய். நான் கனகாம்பரச் சரத்தை எடுத்து உன் தலையில் வைத்து, இரண்டு ஹேர்பின் குத்தி, "மூஞ்சியை அப்படி வெச்சுக்காதே, அவங்க என்ன நினைப்பாங்க, கே.ஆர்.பி. டேம் வரைக்கும்தானே, போயிட்டு வா" என்றேன். காரில் ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். நான் கையை ஆட்டினேன்.

ஏழரை மணிக்கு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்பக்கக் குழாய்க்குப் போனாய். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாய். கழுவிவிட்டு மறுபடியும் கழுவினாய். தலையில் பூ இல்லை. ஒரு ஹேர்பின் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாசற்படியிலேயே நின்று பார்த்தேன். அங்கே சாப்பிட்ட மீன் வறுவல் நாத்தம் போகக் கழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, நினைத்துக்கொள்ள விரும்பினேன். நான் உன்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "அவங்க வீட்டுல எப்போ பூ வைக்கலாம்னு சொன்னாங்களா?"

நீ இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொன்னாய். ஏன் என்று சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சம்பாதிக்கிற திமிர் என்று சித்தியிடம் சொன்னேன். அப்புறம் அந்தப் பையனுடைய அம்மா போன் பண்ணினார். வேண்டாம் என்று சொல்கிறவள் எதற்கு அவனோடு வெளியே போனாள் என்று ஆரம்பித்து, உன்னை ஒரு வார்த்தை சொன்னார். எழுத என் கைக்கு வரவில்லை. நான் என்ன பண்ணினேன்? "நீங்க பெரியவங்க, மன்னிச்சிடுங்க" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். நீ உள் அறையில் இருந்தாய். கதவு திறந்திருந்தது.

கதையில் கடைசியாக ராபர்ட் வரிசையாக மெசேஜ் அனுப்புகிறான். முதலில் நீ அழகாக இருந்தாய் என்கிறான். பதில் வராததும் கேள்வி மேல் கேள்வி. முடிவில் ஒரே வார்த்தை. அதோடு கதை முடிகிறது. அந்தப் பையனுடைய அம்மா சொன்ன அதே வார்த்தை, இங்கிலீஷில். அதற்கா நான் மன்னிப்புக் கேட்டேன் என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயந்தரம் விளக்கு வைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

படம் அந்த வார்த்தையோடு நிற்கவில்லை. பயம், சண்டை, தீ என்று இன்னும் ரொம்ப தூரம் போகிறது. எனக்கு அது தேவையில்லை என்று பட்டது. தீப்பிடித்தால்தான் ஒரு பெண் பயந்தாள் என்று நம்புவார்களா? கதையில் அடியில்லை, ரத்தமில்லை, வெளியே காட்ட ஒரு காயமில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி அவள் யாரிடமும் சொல்ல முடியாமல் நிற்கிறாள். ஒரு தழும்பும் இல்லாமல் வீட்டுக்கு வந்து குழாயடியில் நிற்கிற பிள்ளையை அம்மாவே நம்பவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

அன்றைக்கு டேமில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமையை அன்றைக்கு வாசற்படியிலேயே விட்டுவிட்டேன். நீ சொன்னால் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டாலும் சரி.

இன்னொன்று. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் உன்னை ஒரு பையனோடு பைக்கில் பார்த்ததாகச் சித்தி சொன்னாள். நான் கேட்கப் போவதில்லை. நல்ல பையனாக இருந்தால் சந்தோஷம். நல்ல பையனாகவே இருந்தாலும், உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் எழுந்து வந்துவிடு. ரூம் சாவி எப்போதும் உன் பையில் இருக்கட்டும், அடுத்தவர் கையில் கொடுக்காதே. நடுராத்திரி என்றாலும் போன் பண்ணு. தம்பி வண்டி எடுத்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் உன் வாசலில் நிற்பான். நானும் பின்னால் உட்கார்ந்து வருவேன். ஹெல்மெட் போட்டுக்கொள்.

ஆடி பிறப்பதற்குள் ஒரு இடம் பார்த்துவிட வேண்டும் என்று தரகர் தர்மபுரியிலிருந்து ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். அப்பா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். நேற்று நான் அதை எடுத்து, தரகர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்பா ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். காலையில் சாப்பிட்டார். அப்பாவிடம் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி நான் சொல்லிக்கொள்கிறேன், நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான். ராகி மாவு, நிப்பட்டு, ஏழெட்டு மல்கோவா கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு இன்னும் காய்வெட்டாக இருக்கின்றன, அரிசிப் பானைக்குள் வைத்தால் மூன்று நாளில் பழுத்துவிடும். டேப்லெட்டை மட்டும் இங்கேயே வைத்துக்கொள்கிறேன். நான் கடைசி வரைக்கும் ஓடவிட்டதால் நீ நிறுத்தின இடம் இப்போது அதில் இல்லை. மிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்று உனக்கு எப்போதாவது தோன்றினால் வீட்டுக்கு வா. அப்பா தோப்புக்குப் போயிருக்கும்போது போடலாம், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறாயோ அந்த இடத்தில் நிறுத்திவிடலாம்.

உன்
அம்மா