வசந்திக்கு, மெம்ஃபிஸ்ல இருந்து

வசந்தி,

நாலு மாசமா ஒரு குட்மார்னிங் கூட போடாதவ திடீர்னு இவ்ளோ நீளமா எழுதுறாளேன்னு பாக்காத. திட்டுறதுன்னா முழுசா படிச்சிட்டு திட்டு. இங்க எல்லாரும் சௌக்கியம், பேத்தி இட்லிய ஃபோர்க்கால குத்தித் திங்குறா, அவரு முட்டிவலிய இங்கயும் பார்சல் பண்ணிட்டு வந்திருக்காரு. அவ்ளோதான்.

போன சனிக்கிழமை விக்னேஷ் 61ம் நம்பர் ஹைவேல விக்ஸ்பர்க் கூட்டிட்டுப் போனான். மிசிசிப்பி மாநிலம், கண்ணுக்கெட்டின தூரம் பருத்திக்காடு. நடுவுல மவுண்ட் பையூன்னு ஒரு சின்ன ஊர், அங்க ஒரு செங்கல் வீடு, 21 ரூமாம், 1910ல கட்டினது. ஐசயா மான்ட்கமரின்னு ஒருத்தரோட வீடு. நம்ம ஹாஸ்டல் மதர் பைபிள்ல தூங்கித் தூங்கி வாசிப்பாங்களே ஏசாயா, அதே பேருதான். அன்னிக்கு ராத்திரில இருந்து இந்த ஆளத்தான் படிச்சிட்டு இருக்கேன், தூக்கம் போச்சு.

1847ல அடிமையா பொறந்தவரு. முதலாளி ஜோசப் டேவிஸ், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களுக்கு ஜனாதிபதியா இருந்த ஜெஃபர்சன் டேவிஸோட அண்ணன். பத்து வயசுப் பையன அவரு ஆபீஸ்ல உக்காத்தி வச்சு லெட்டர் அடுக்கச் சொன்னாங்க. அப்பா பென் அதவிட கெட்டிக்காரரு, போட்டுக்கு ஒரு ப்ரொப்பெல்லர் கண்டுபிடிச்சாரு, அடிமைக்கு பேட்டன்ட் கிடையாதுன்னுட்டாங்க. போர் முடிஞ்சதும் 1866ல அதே முதலாளிகிட்ட இருந்து அதே நிலத்த 3 லட்சம் டாலர் கடனுக்கு வாங்குறாரு பாரு, என்ன தைரியம்! 1876ல பிலடெல்பியா கண்காட்சில இவங்க பருத்திக்கு பரிசு. ஆனா வெள்ளம், விலையும் விழுந்துருச்சு, வட்டி கட்ட முடியல, அப்பாவும் போய்ட்டாரு, நிலம் திரும்ப டேவிஸ் குடும்பத்துக்கே போச்சு.

மகன் உக்காந்து அழல. 1887ல, நாப்பது வயசுல, மாமன் மச்சான் மாதிரி ஒரு சொந்தக்காரர் பென் கிரீனோட சேந்து ரயில்வே கம்பெனி நிலத்த வாங்கினாரு, அது நிலமா, சதுப்பு, மூங்கில் புதர், கரடி. மரத்த வெட்டி வித்துக்கிட்டே காட்டத் திருத்தி, பருத்தி போட்டு, முழுக்க கறுப்பின ஜனங்களே நடத்துற ஊர் ஒண்ண உண்டாக்கினாங்க. இதோட கதை முடிஞ்சிருந்தா நான் நிம்மதியா தூங்கிருப்பேன்டி.

1890ல ஜாக்சன்ல மிசிசிப்பிக்கு புது அரசியல் சட்டம் எழுத உக்காந்தாங்க. மாநிலத்துல கறுப்பின ஜனந்தான் அதிகம், ஆனா சபைல 134 பேர்ல இவரு ஒருத்தர்தான் அவங்க ஆளு. ஓட்டு போடணும்னா 2 டாலர் வரி கட்டணும், சட்டத்த படிக்கவோ, படிச்சுக் காட்டுனா புரிஞ்சுக்கவோ தெரியணும், புரிஞ்சுச்சான்னு சொல்றது வெள்ளக்கார அதிகாரி. யார வெளிய தள்ளன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். இவரு எழுந்து, ரெண்டு இனத்துக்கும் சமாதானம் வேணும்னு பேசிட்டு அந்தச் சட்டத்துக்கு ஆதரவா ஓட்டு போட்டாரு! ஒரு லட்சத்துக்கும் மேல நம்மாளுங்க ஓட்டு போயிரும்னு அவரே கணக்கு வேற சொல்றாரு. அடிமையா இருந்து தப்பிச்சு பெரிய கறுப்பினத் தலைவரான ஃபிரெடரிக் டக்ளஸ் கிழிச்சுட்டாரு, துரோகம்னு. 1965ல ஓட்டுரிமைச் சட்டம் வர்ற வரைக்கும் 75 வருஷம் அந்த ஜனம் பட்ட பாடு இருக்கே.

ஆனா ஊர் நின்னுச்சு வசந்தி. 1942ல அங்க அவங்களுக்குன்னே ஆஸ்பத்திரி வந்துச்சு, 1955ல, வெள்ளக்காரங்க கொன்ன 14 வயசு கறுப்பினப் பையன் எம்மட் டில் கேஸுக்கு சாட்சிங்களும் நிருபர்களும் பயமில்லாம தங்கினது அந்த ஊர்லதான். இதெல்லாம் அந்த ஓட்டால நின்னுச்சா, அந்த ஓட்டையும் மீறி நின்னுச்சா? விக்னேஷ்கிட்ட கேட்டா "அம்மா, தூங்குங்க"ங்குறான்.

எனக்கு ஏன் உறுத்துதுன்னு உனக்கு தெரியும். அசோசியேஷன் மீட்டிங்ல, வேலைக்கு வர்றவங்க லிஃப்ட்ல ஏறக்கூடாதுன்னு சொன்னப்ப, வீணா சண்ட எதுக்குன்னு நானும் கை தூக்கினேன். நீ என்ன பாத்த பார்வை இருக்கே. அந்த மனுஷனுக்காவது சுத்தி 133 வெள்ளக்காரங்க, வெளிய துப்பாக்கி. எனக்கு என்னடி இருந்துச்சு? டீயும் மிக்சரும்.

பேச்சியம்மா இன்னும் நாலு மாடி படியேறித்தான் வராளா? 14ம் தேதி வந்துருவோம், அடுத்த மீட்டிங் என்னிக்குன்னு பாத்து வை. உனக்கு பாதாம் வாங்கியாச்சு, பிஸ்தாவும் வேணும்னா இப்பவே சொல்லு, அப்புறம் பெட்டில இடமில்ல.

சாந்தா