அழுகி வந்த ஜேடு செடி: பணத்தைத் திருப்பித் தரக் கோரி புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

இந்த ஐப்பசியில் உங்கள் இணையதளத்தில் 649 ரூபாய் கட்டி வாங்கிய ஜேடு செடி அழுகிய நிலையில்தான் வந்து சேர்ந்தது. புகார் செய்தால், "தாங்கள் தண்ணீர் அதிகம் ஊற்றியிருக்கிறீர்கள், டெல்டாவின் ஈரக் காற்றும் இச்செடிக்கு ஒத்துவராது" என்று பதில் அனுப்புகிறீர்கள். இதை நான் ஏற்கவில்லை.

நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. பெட்டியைத் திறந்தபோதே மண் சொதசொதவென்று இருந்தது. அதை மண் என்று சொல்வதே அதிகம், முழுக்கத் தேங்காய் நார்க்கழிவு. பீங்கான் தொட்டியின் அடியில் ஒரு துளைகூட இல்லை. பிறகு தண்ணீர் எந்த வழியாக வடியும்? வேறு தொட்டிக்கு மாற்றலாம் என்று அன்றே செடியைத் தூக்கினேன். தண்டு மட்டும் கையோடு வந்தது. வேரெல்லாம் பழுப்பேறி ஒரே நாற்றம். அந்தப் படங்களையும் அப்போதே அனுப்பியிருக்கிறேன்.

கூடவே வைத்திருந்த அட்டையில் "தினமும் தண்ணீர் ஊற்றவும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஜேடு தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக் பக்கத்து வறண்ட பாறைச் சரிவுகளில் வளர்கிற செடி. தண்ணீரை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். ஈரம் வீணாகாமல் இருக்க இலைத்துளைகளை இரவில்தான் திறக்கும். மேல்மண் மட்டுமல்ல, உள்மண்ணும் காய்ந்த பிறகுதான் அதற்குத் தண்ணீர் விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இங்கே அதுவும் அநேகமாகத் தேவைப்படாது.

டெல்டாவில் வராது என்பதும் சரியல்ல. வயல் வண்டலை அள்ளிப் போட்டு நட்டால் அழுகும், அது வாஸ்தவம். ஆனால் கும்பகோணத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில், செம்மண்ணோடு ஆற்று மணலும் செங்கல் சில்லும் கலந்து, துளையுள்ள மண்தொட்டியில் வைத்திருக்கிறார்கள். காலை வெயில் படுகிறது, சன்ஷேடு மழையைத் தடுக்கிறது. தண்டு மரம் போலத் தடித்து நிற்கிறது. (ஆற்று மணல் விற்கிற விலைக்கு இது ஆடம்பரம்தான், அது வேறு கதை.)

அப்புறம், அதே அட்டையில் "செல்லப்பிராணிகளுக்குப் பாதுகாப்பானது" என்றும் போட்டிருக்கிறீர்கள். ஜேடு இலையைத் தின்றால் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு, வாந்தி எடுக்கும். என் பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வரியை உடனே நீக்குங்கள்.

பதிலுக்கு இன்னொரு செடி வேண்டாம். செடியின் விலையையும் கூரியர் கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்துங்கள். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் தஞ்சாவூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், கும்பகோணம்

இணைப்பு: ரசீது, வேர் மற்றும் தொட்டி அடிப்பாகத்தின் படங்கள், பராமரிப்பு அட்டையின் நகல்